கோக்காவைப் பிடுங்கச் சொன்னார்கள், பிடுங்கினார்கள். அதற்கப்புறம்?

செம்மண்:

வேறொரு இழையில் கொக்கெயின் (கோக்கா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் போதைப்பொருள்) பற்றிப் பேச்சு வந்தபோது, "செடியை வேரோடு அழித்துவிட்டு அந்த விவசாயிகளுக்கு வேறு பயிரைக் கொடுத்தால் தீர்ந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இது. எங்கே நடந்தது, எங்கே கவிழ்ந்தது என்று பேசத்தான் இந்தத் தனி இழை.

கொலம்பியாவிலிருந்து தொடங்குகிறேன். 2016 நவம்பரில் அந்நாட்டு அரசும் ஃபார்க் கெரில்லா இயக்கமும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் நான்காம் பகுதி போதைப்பயிர்கள் பற்றியது. அதிலிருந்து 2017இல் பிறந்தது 'பினிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாற்றுப்பயிர்த் திட்டம். குடும்பம் தன் கையால் கோக்காவைப் பிடுங்க வேண்டும், திரும்ப நடக்கூடாது. பதிலுக்கு அரசு, மாதம் 10 லட்சம் பேசோ வீதம் ஓராண்டுக்கு உதவித்தொகை தரும். வீட்டுத் தோட்டத்துக்கு 18 லட்சம். கோழி, பன்றி மாதிரி சீக்கிரம் காசு பார்க்கும் தொழிலுக்கு 90 லட்சம். கொக்கோ, காப்பி, மாடு மாதிரி நாள்பட்ட தொழிலுக்கு 1 கோடி. தொழில்நுட்ப வழிகாட்டலையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3.6 கோடி பேசோ. அன்றைய மதிப்பில் 12,000 டாலர் அளவு.

சுமார் 99,000 குடும்பங்கள் சேர்ந்தன. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் நிலத்துக்கே போய்ச் சரிபார்த்தது. பிடுங்குவதாக ஒப்புக்கொண்ட கோக்காவில் 95 விழுக்காட்டுக்கு மேல் உண்மையாகவே பிடுங்கப்பட்டிருந்தது. திரும்ப நடப்பட்டது 1 விழுக்காட்டுக்கும் கீழே.

அரசு தன் பங்கை எப்படிச் செய்தது? மாத உதவித்தொகை பெரும்பாலானவர்களுக்கு, தாமதமாகவேனும், வந்தது. நாள்பட்ட தொழிலுக்கான பணம் பல ஆண்டுகள் கழித்தும் மிகச் சிலரையே எட்டியிருந்தது. முதலில் வர வேண்டிய வழிகாட்டல் கடைசியில் வந்தது. 2018இல் ஆட்சி மாறியது, முந்தைய அரசின் திட்டம் என்பதால் வேகம் இன்னும் குறைந்தது. கையிலிருந்த செடியையும் பிடுங்கிவிட்டு, வருமானம் இல்லாமல் காத்திருந்த குடும்பத்தை யோசித்துப் பாருங்கள்.

நாட்டின் மொத்தக் கோக்காப் பரப்பு 2020இல் 1,43,000 ஹெக்டேர். 2023இல் 2,53,000. திட்டத்தில் சேராத நிலங்களிலும் புது இடங்களிலும் அது பரவிக்கொண்டே போயிருக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் பயிரைக் கொடுப்பது என்பது இதில் சின்னக் கேள்வி. அந்தப் பயிரை யார் வாங்குவார், எந்தச் சாலை வழியே போகும், பணம் எப்போது கைக்கு வரும் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் தயாராகும் முன் செடியைப் பிடுங்கச் சொல்வது, பட்டினிக்கு நாள் குறிப்பது.

---

கடலோடி:

செம்மண் அண்ணா, தரவுகள் நன்று. எனக்கு ஒரு தடை இருக்கிறது. சட்டவிரோதப் பயிர் என்று தெரிந்தே போட்டவருக்கு அரசு பணம் கொடுக்கிறது. பக்கத்து ஓடைக்கரையில் நேர்மையாக வாழையும் மரவள்ளியும் போட்டவருக்கு ஒன்றும் இல்லை. அவர் என்ன நினைப்பார்? "நானும் கொஞ்சம் கோக்கா போட்டிருக்கலாமே" என்றுதானே?

இது கற்பனைப் பயமும் இல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, 2014இல், பயிரை மாற்றுவோருக்கு உதவி உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். 2013இல் 48,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2017இல் 1,71,000 ஆனது. உதவி கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் புதிதாக நட்டவர்களும் அதில் உண்டு என்று பொருளியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

---

நிலா வாசகி:

கடலோடி, அந்த அறிவிப்பின் விளைவு உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. டாலருக்கு எதிராக பேசோ சரிந்தது, தங்கத்தின் விலை இறங்கியதால் சட்டவிரோதச் சுரங்கத்தில் இருந்தவர்கள் கோக்காவுக்குத் திரும்பினார்கள், 2015இல் கோக்காவை அழிக்க விமானத்திலிருந்து கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிப்பதை அரசு நிறுத்தியது. எல்லாம் ஒரே காலத்தில்.

இவர்கள் ஏன் கோக்கா போடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேராசை என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

செடி அமிலத்தன்மையுள்ள ஏழை மண்ணிலும் வளரும். நட்ட ஓராண்டுக்குள் முதல் பறிப்பு. அதன்பின் ஆண்டுக்கு நாலைந்து முறை இலை பறிக்கலாம். ஆக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டில் காசு புழங்கும். கொக்கோ மரம் (பெயர் ஒட்டி வந்தாலும் இது சாக்லேட் மரம், கோக்காவுக்கு உறவு கிடையாது) காய்க்க மூன்று நான்கு ஆண்டு. காப்பிக்கு இரண்டு மூன்று ஆண்டு. அதுவரை அடுப்பு எரிவது எப்படி?

அப்புறம் போக்குவரத்து. கொலம்பியாவின் கத்ததும்போ, புட்டுமாயோ, குவாவியாரே பகுதிகளில் பல ஊர்களுக்கு இன்றும் ஒழுங்கான சாலை இல்லை. படகு, கழுதை, சேறு. ஒரு வாழைத்தாரையோ மக்காச்சோள மூட்டையையோ சந்தைக்குக் கொண்டுபோகும் கூலி அதன் விலையைத் தாண்டிவிடும். கோக்காவில் இலையைப் பசையாக (கொக்கெயினுக்கு முந்தைய நிலை) மாற்றிவிட்டால் ஒரு பறிப்பின் முழு மதிப்பும் தோள்பைக்குள் அடங்கிவிடும். அதையும் சுமக்க வேண்டாம், வாங்குபவரே ஊருக்கு வருவார். விதைக்கு, உரத்துக்கு, பிள்ளையின் மருந்துக்கு முன்பணமும் கொடுப்பார். வங்கி அந்த வீட்டு வாசலை மிதித்ததே கிடையாது, நிலத்துக்குப் பட்டா இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் தரும்?

விச்சாதா மாகாணத்தின் குவேரிமா மாதிரி ஒதுங்கிய ஊர்களில் கடையில் அரிசி வாங்கக்கூடக் கோக்காப் பசையையே எடைபோட்டுக் கொடுத்த காலம் உண்டு. பணத்தாளே போய்ச் சேராத இடம் அது.

இவ்வளவும் இருந்தும் இவர்கள் பணக்காரர்கள் ஆகவில்லை. கொக்கெயின் கடைசியில் விற்கும் விலையில் பயிரிட்டவருக்குப் போவது மிக மிகச் சிறிய பங்கு. 2022இலிருந்து பசைக்கு விலை விழுந்து, பல பகுதிகளில் வாங்க ஆளே வராமல் போனபோது அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கோக்காவை நம்பியிருந்த ஊர்களில் கடைகள் மூடின, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. சேமிப்பு என்று ஒன்று யாரிடமும் இல்லை.

---

செம்மண்:

கடலோடி, நேர்மையான விவசாயி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பினிஸ் திட்டத்தில் கோக்கா போடாத குடும்பங்களையும் சேர்த்தார்கள், அதே பகுதியில் இருப்பவர்கள் என்ற முறையில். அது சரியான யோசனை என்பது என் எண்ணம். குடும்பத்துக்குக் குடும்பம் காசு எண்ணிக் கொடுக்கும்போதுதான் நீங்கள் சொல்லும் பொறாமையும் ஏமாற்றும் வருகிறது. சாலை, பள்ளி, குளிர்பதனக் கிடங்கு, நிலப்பட்டா என்று பகுதிக்கே செய்தால் கோக்கா போட்டவர் போடாதவர் என்ற பிரிவே தேவைப்படாது.

அமைதி ஒப்பந்தமும் அப்படித்தான் எழுதப்பட்டது. அதன் முதல் பகுதி கிராமப்புறச் சீர்திருத்தம், நிலமற்றவருக்கு 30 லட்சம் ஹெக்டேர் நிலம் தரும் நிதியம், போரால் மிகவும் நொந்த 170 நகராட்சிகளுக்குத் தனி வளர்ச்சித் திட்டம். பயிர்மாற்றம் அதற்குள் ஒரு பகுதியாக நடக்க வேண்டியது. நடைமுறையில் செடி பிடுங்குவது வேகமாக ஓடியது. சாலையும் பட்டாவும் எங்கோ பின்னால் நின்றுவிட்டன.

---

ஏலத்தோட்டம்:

நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் நறுமணப்பொருள் வியாபாரத்தில் இருப்பவன். புட்டுமாயோவில் கோக்காவுக்கு மாற்றாக மிளகு போடுகிறார்கள் என்பதால் இந்த இழையை ஆர்வமாகப் படிக்கிறேன்.

மிளகுக்கொடி மூன்றாம் ஆண்டில்தான் ஓரளவு பலன் தரத் தொடங்கும். வாடல் நோய் வந்தால் தோட்டமே போகும். காயவைக்க நல்ல களம் வேண்டும், ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும் பூஞ்சை பிடித்து விலை போகாது. அமேசான் ஓரத்து மழையில் அதைக் காயவைப்பது தனிப் பாடு. எல்லாம் செய்து முடித்தாலும் உலகச் சந்தையில் விலையை ஏற்றி இறக்குவது வியட்நாம். அங்கே அமோக விளைச்சல் என்றால் இடுக்கிக்காரருக்கும் அடி, புட்டுமாயோக்காரருக்கும் அடி.

ஆனால் மிளகில் ஒரு வசதி உண்டு, காய்ந்தால் கெடாது. சாலை மோசமான இடத்தில் வாழை, பப்பாளி போடச் சொல்லும் அதிகாரிகளைவிட மிளகு போடச் சொன்னவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எடை குறைவு, விலை அதிகம், மாதக்கணக்கில் இருப்பு வைக்கலாம். மாற்றுப்பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சாலையைப் பார்க்க வேண்டும்.

---

பொதிகைக் காற்று:

தாய்லாந்தை யாரும் சொல்லவில்லையே. அது கோக்கா இல்லை, அபின். ஆனாலும் இந்த விஷயத்தில் உலகம் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் நாடு.

1969இல் மன்னர் பூமிபோல் 'அரச திட்டம்' என்பதைத் தொடங்கினார். வடக்கே சியாங் மாய், சியாங் ராய் மலைகளில் ஹ்மோங், லாஹு, அகா, லிசு மக்கள் கசகசா பயிரிட்டு அபின் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோய் ஆங் காங் மலையில் ஆராய்ச்சி நிலையம் வைத்து, குளிர்ப்பகுதிப் பழங்களில் எது அங்கே வளரும் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். பீச், ஸ்ட்ராபெரி, கீரை வகைகள், அராபிக்கா காப்பி, பூக்கள். தைவானிலிருந்து கன்றுகளும் நிபுணர்களும் வந்தார்கள். மலையடியிலேயே பதனிடும் ஆலைகள் வைத்தார்கள். 'தோய் காம்' என்ற பெயரில் பாங்காக் கடைகளில் விற்பனை. விளைந்ததை வாங்க ஆள் இருக்கிறதா என்ற கேள்வியே மலைவாசிக்கு எழவில்லை, திட்டமே வாங்கியது.

எனக்கு முக்கியமாகப் படுவது காலவரிசை. அபின் செடியை அரசு அழிக்கத் தொடங்கியது 1980களின் நடுவில்தான். அதாவது மாற்று வேலை தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழித்து. அதற்குள் பலரிடம் வேறு வருமானம் இருந்தது.

1988இல் மன்னரின் தாய் ஸ்ரீநகரிந்திரா தொடங்கிய தோய் துங் திட்டம் இன்னொரு படி. மொட்டையாகிப்போன மலையில் மரம் நடுவதற்கே மக்களுக்குத் தினக்கூலி கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே கையில் காசு. காப்பியும் மக்கடேமியாவும் காய்க்கும் வரை அந்தக் கூலி தாங்கியது. பிறகு கொட்டையை வறுத்து, காப்பியை வறுத்து அரைத்து, கைத்தறி நெய்து, மதிப்புக் கூட்டி விற்றார்கள். முப்பது ஆண்டுத் திட்டம் என்று சொல்லியே தொடங்கினார்கள்.

---

கடலோடி:

பொதிகை அண்ணா சொல்லும் தாய்லாந்துக் கதையில் இரண்டு விஷயம் விடுபடுகிறது. ஒன்று, அங்கே அரசமரபின் கௌரவமும் பணமும் பின்னால் நின்றன. தேர்தலுக்குத் தேர்தல் திட்டம் மாறவில்லை. நான்காண்டுக்கு ஒரு முறை அதிபர் மாறும் கொலம்பியாவுக்கு அந்த முப்பது ஆண்டு எங்கிருந்து வரும்? இரண்டு, தாய்லாந்தில் அபின் குறைந்ததும் எல்லைக்கு அப்பால் மியான்மார் அந்த இடத்தை நிரப்பியது.

நான் பெருவைச் சொல்ல வருகிறேன். சான் மார்ட்டின் பகுதி, ஹுவாயாகா பள்ளத்தாக்கு. 1980களில் உலகத்திலேயே கோக்கா அதிகம் விளைந்த இடங்களில் ஒன்று. 1990களின் நடுவில் என்ன நடந்தது? கோக்காப் பசையைக் கொலம்பியாவுக்குக் கொண்டுபோன சிறு விமானங்களைப் பெரு விமானப்படை சுட்டு வீழ்த்தத் தொடங்கியது. வாங்க ஆள் வரவில்லை. இலை விலை அதல பாதாளத்துக்குப் போனது. அதற்குப் பிறகுதான் விவசாயிகள் கொக்கோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடி விழாமல் யாரும் மாறவில்லை என்பதுதான் பெருவின் பாடம். கோக்கா லாபமாக இருக்கும் வரை எந்த ஊக்கத்தொகையும் எடுபடாது.

---

நிலா வாசகி:

கடலோடி, விலை விழுந்தது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் விலை விழுந்த எல்லா இடத்திலும் மாற்றம் வந்துவிட்டதா? கொலம்பியாவில் 2022க்குப் பிறகு விலை விழுந்தது, பரப்பு குறையவில்லையே. பல பேர் செடியை அப்படியே விட்டுவிட்டு விலை ஏறக் காத்திருந்தார்கள், ஏனென்றால் மாறிப் போவதற்கு இடமே இல்லை.

சான் மார்ட்டினில் அந்த இடம் இருந்தது. ஐ.நா.வும் அமெரிக்க உதவி அமைப்பும் கூட்டுறவுச் சங்கங்களை வளர்க்கப் பல ஆண்டுகள் பணம் போட்டன. ஹுவான்ஹுயில் உள்ள அகோபாக்ரோ கூட்டுறவை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களின் கொக்கோவைச் சேர்த்து, இயற்கைச் சான்று, நியாய வணிகச் சான்று எல்லாம் வாங்கி நேராக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறது. தொகாச்சே பக்கம் எண்ணெய்ப்பனை ஆலை வந்தது. பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைக்குத் தார் போட்டார்கள். அந்தப் பகுதியின் அரசும் தன் பணத்தை இதில் போட்டது. இலை விலை மறுபடி ஏறிய பிறகும் அங்கே பெரும்பாலோர் திரும்பிப் போகாததற்கு இவைதான் காரணம்.

அதே பெருவில் விராயெம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஷைனிங் பாத் என்ற மாவோயிஸ்ட் கெரில்லா இயக்கத்தின் எச்சங்கள், கடத்தல் கும்பல்கள், அரைகுறைச் சாலை. இன்றும் பெருவின் மிகப்பெரிய கோக்காப் பகுதி அதுதான். நாடு ஒன்று, சட்டம் ஒன்று, விலையும் ஏறக்குறைய ஒன்று.

---

முத்துமாரி:

இடையில் ஒரு கேள்வி. பொலிவியாவில் கோக்காவை அரசே அனுமதிக்கிறது என்கிறார்களே, அது எப்படி?

---

செம்மண்:

முத்துமாரி, ஆண்டீஸ் மலை மக்கள் கோக்கா இலையை மெல்வதும் கஷாயம் வைத்துக் குடிப்பதும் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். உயர மலையில் களைப்பையும் பசியையும் தாங்க, சடங்கில் படைக்க, விருந்தாளிக்குக் கொடுக்க. இலை வேறு, கொக்கெயின் வேறு என்பது அவர்கள் வாதம். 1961 ஐ.நா. ஒப்பந்தம் இலையையும் கடுமையான பட்டியலில் வைத்தது. பொலிவியா அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, இலை மெல்லும் உரிமையைத் தனியே பதிவு செய்துகொண்டு 2013இல் மறுபடி சேர்ந்தது.

உள்நாட்டுக் கதை இன்னும் முக்கியம். 1998இல் 'கண்ணியத் திட்டம்' என்று பெயர் வைத்து சபாரே பகுதியில் ராணுவத்தை இறக்கிச் செடியைப் பிடுங்கினார்கள். மோதல், சாலை மறியல், சாவுகள். கூடவே வாழை, அன்னாசி, பனங்குருத்து என்று மாற்றுப்பயிர் கொடுத்தார்கள். ஆனால் அந்த உதவி பெற வேண்டுமானால் கோக்கா விவசாயச் சங்கங்களை விட்டு வெளியே வர வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள். அந்த ஊர்களில் தண்ணீர், பாதை, தகராறு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதே சங்கம்தான். அதை உடைக்க வந்த உதவியை யார் வாங்குவார்கள்?

2004இல் ஓர் உடன்பாடு வந்தது. குடும்பத்துக்கு ஒரு 'காத்தோ', அதாவது 1,600 சதுர மீட்டர் கோக்கா போடலாம். 2006இல் கோக்கா விவசாயிகள் சங்கத் தலைவர் ஏவோ மொராலெஸ் அதிபரானதும் அதைக் கொள்கையாக்கினார். கண்காணிப்பு சங்கத்தின் கையில். அளவுக்கு மேல் போட்டால் சங்கமே பிடுங்கும், சில காலத்துக்கு காத்தோ உரிமையும் போகும். அந்தச் சிறு நிலத்தின் நிச்சய வருமானம் கையில் இருந்ததால் மிச்ச நிலத்தில் வாழை, மீன்குளம் என்று துணிந்து முயன்றார்கள். 2010க்குப் பிறகு சில ஆண்டுகள் பரப்பு பழைய அளவு வன்முறை இல்லாமலே குறைந்தது. கடத்தல் நிற்கவில்லை, சபாரே இலையில் பெரும்பகுதி சட்டச் சந்தைக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. 2017இல் சட்ட வரம்பை 12,000 ஹெக்டேரிலிருந்து 22,000ஆக உயர்த்தியதும் சர்ச்சை. ஆனாலும் முன்பு போல ஆட்கள் சாகாமல் நடந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

---

கடலோடி:

ஆப்கானிஸ்தானையும் எடைபோடுங்கள். 2022 ஏப்ரலில் தாலிபான் தடை போட்டது. அந்த ஆண்டு 2,33,000 ஹெக்டேராக இருந்த கசகசாப் பரப்பு 2023இல் 10,800. மாற்றுத் திட்டம் எதுவும் இல்லாமல்.

---

நிலா வாசகி:

எடைபோடுகிறேன். ஐ.நா. கணக்குப்படி அபின் விற்று ஆப்கான் விவசாயிகள் பெற்ற வருமானம் 2022இல் 136 கோடி டாலர், அடுத்த ஆண்டு 11 கோடி. ஹெல்மந்தில் அந்த நிலத்தில் கோதுமை போட்டார்கள், அதில் பழைய வருமானத்தில் சிறு பங்குதான் வரும். இருப்பு வைத்திருந்த பெரிய நிலக்காரர்கள் விலையேற்றத்தில் சம்பாதித்தார்கள், குத்தகைக்காரரும் கூலிக்காரரும் போண்டியானார்கள். 2023இல் அபின் உற்பத்தியில் மியான்மார் முதலிடத்துக்கு வந்துவிட்டது. செடி குறைந்ததை வெற்றி என்று எழுதினால், அந்தக் கூலிக்காரர் வீட்டில் நடந்ததையும் அதே வரியில் எழுத வேண்டும்.

---

ராசாத்தி:

இவ்வளவு நேரம் நிலக்காரரைப் பற்றியே பேசிவிட்டோம். கொலம்பியாவில் 'ரஸ்பச்சீன்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது, இலை பறிக்கும் கூலிகள். ஊர் ஊராகப் போவார்கள். அரோபா கணக்கில் கூலி, அரோபா என்பது 12.5 கிலோ. வெறுங்கையால் கிளையை உருவி உருவி உள்ளங்கை கிழியும், துணி சுற்றிக்கொண்டு பறிப்பார்கள். பெண்கள், பள்ளியை விட்ட பையன்கள், வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் இதில் உண்டு. பினிஸ் திட்டத்தில் சுமார் 17,000 பறிப்பவர்களைப் பதிவு செய்தார்கள். நிலமில்லாத அவர்களுக்குக் கொக்கோக் கன்று கொடுத்து என்ன பயன்? பாதை வெட்டும் வேலை, மரம் நடும் வேலை என்று ஊர்ப்பணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அந்த வேலையும் பெரும்பாலும் தாமதம், இல்லாவிட்டால் பாதியில் நின்றது.

அடுத்தது உயிர். 2017 அக்டோபர் 5, துமாக்கோ நகராட்சியின் எல் தந்தில். செடியைக் கட்டாயமாகப் பிடுங்க அரசுப் படைகள் வந்தபோது விவசாயிகள் கூடி எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் செத்தார்கள். அதே நேரத்தில் அதே பகுதியில் தாமே பிடுங்கும் திட்டத்துக்கு மக்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்! ஒரு கை நீட்டுகிறது, இன்னொரு கை அடிக்கிறது. மக்கள் எதை நம்புவது?

ஊரில் முன்னின்று "வாங்க, சேருவோம்" என்று சொன்ன தலைவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், ஆயுதக் குழுக்கள். ஃபார்க் விட்டுப்போன இடத்தில் அரசு வரும் முன் இவர்கள் வந்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் கத்ததும்போவில் ஈ.எல்.என். என்ற கெரில்லாக் குழுவுக்கும் ஃபார்க்கிலிருந்து பிரிந்தவர்களுக்கும் நடந்த சண்டையில் 50,000க்கு மேல் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் கோக்காவை விட்டுக் கொக்கோவுக்கு மாறியவர்களும் இருந்திருப்பார்கள்தானே. கன்று காய்க்கும் வரை ஊரில் இருக்க முடியுமா என்பதே தெரியாதவரிடம் நான்காண்டுப் பயிரைப் பற்றி எப்படிப் பேசுவது?

---

ஏலத்தோட்டம்:

ராசாத்தி சொன்னதைப் படித்துவிட்டு மேலே எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் சந்தைப் பக்கம் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும்.

2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது, இதுவரை காணாத விலை. "கோக்காவைவிட இது லாபம்" என்று பேசினார்கள். 2025இல் விலை பாதிக்கும் கீழே வந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது கன்று நட்டவர் காய் பார்க்கும்போது என்ன விலையோ. குறைந்தபட்சக் கொள்முதல் விலை இல்லாத மாற்றுப்பயிர்த் திட்டம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய காடழிப்புச் சட்டம். கொக்கோ, காப்பி, எண்ணெய்ப்பனை எதுவானாலும் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்திருந்தால் அங்கே விற்க முடியாது. நில எல்லையைச் செயற்கைக்கோள் ஆயத்தொலைவுகளோடு காட்ட வேண்டும். நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, ஆனாலும் வாங்குபவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கோக்கா விவசாயி காட்டைத் திருத்தித்தான் செடி வைத்தார். அது 2021இல் திருத்திய நிலமென்றால், நல்ல வழிக்கு வந்து கொக்கோ போட்டாலும் ஐரோப்பியக் கதவு அவருக்கு மூடித்தான் இருக்கும்.

---

செம்மண்:

ஐயா, இது கொலம்பியாவில் சட்டச் சிக்கலாகவே ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கே கோக்காவில் ஏறக்குறைய பாதி தேசியப் பூங்கா, காப்புக்காடு, பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகங்களின் கூட்டு நிலம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் சட்டம் காப்புக்காடாக அறிவித்த இடத்தில் பட்டா கொடுக்க முடியாது, மாடு வளர்ப்புக்கோ தோட்டத்துக்கோ அரசுப் பணம் போட முடியாது. பினிஸ் திட்டத்தில் கையெழுத்து வாங்கும்போது அதைப் பார்க்கவில்லை, செடியைப் பிடுங்கிய பின்புதான் "உங்கள் நிலத்தில் எதுவும் செய்ய அனுமதியில்லை" என்றார்கள். அப்படிப்பட்ட இடங்களில் காட்டைக் காப்பதற்கே கூலி கொடுப்பதுதான் ஒரே வழி என்று நினைக்கிறேன். தோய் துங்கில் மரம் நடக் கொடுத்த மாதிரி, ஆண்டுக்கணக்கில், மாதம் தவறாமல்.

---

கடலோடி:

மாதம் தவறாமல் கொடுப்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கோக்காவையும் வைத்துக்கொண்டே உதவியும் வாங்கலாம் என்ற காத்தோ ஏற்பாட்டை கொலம்பியாவுக்கு என்னால் ஏற்க முடியவில்லை. பொலிவியாவில் இலை மெல்லும் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சட்டச் சந்தை இருக்கிறது. கொலம்பியாவில் சில பழங்குடிகளைத் தவிர இலைக்கு அப்படிப்பட்ட சந்தை கிடையாது. அங்கே விடும் ஒவ்வொரு சதுர மீட்டரும் கும்பலுக்குத்தான் போகும்.

---

ராசாத்தி:

கடலோடி அண்ணா, மூன்று நான்கு ஆண்டுக்கு மட்டும் என்று வைத்துப் பாருங்களேன். கொக்கோ காய்க்கும் வரை செடியைப் படிப்படியாகக் குறைக்கட்டும், முதல் ஆண்டு கால் பங்கு, காய் விற்றுக் காசு வந்த பின் மிச்சம். பினிஸில் முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்கச் சொன்னதால்தான் அரசு ஏமாற்றியபோது அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. படிப்படி என்றால், அரசு தன் தவணையைத் தராவிட்டால் விவசாயியும் தன் தவணையை நிறுத்தி வைக்க முடியும். அந்தப் பிடி அவர்களிடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

---

கடலோடி:

கால வரம்பு எழுத்தில் இருந்து, யார் சரிபார்ப்பது என்பதும் முன்பே முடிவாகியிருந்தால் அதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஆயுதக் குழு சுற்றும் ஊரில் அந்தச் சரிபார்ப்பாளர் எப்படி உள்ளே போய் வருவார் என்று யாராவது எழுதுங்கள். 2017க்குப் பின் சில பகுதிகளில் ஐ.நா. ஆட்களாலேயே போக முடியாமல் இருந்தது.